பாசிச் சாம்பலில் பிறந்த மருந்து

அலை கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் கடற்பாசியை அற்பப் பொருளென்று எண்ணிக் கடந்து செல்பவர்கள், தலைமுறை தலைமுறையாக மலைநாட்டு மக்களை வருத்திய ஒரு வியாதிக்கு ஔஷதம் அதனுள்ளே அடங்கியிருந்த விருத்தாந்தத்தைக் கேட்டால் வியப்படைவார்கள். நெப்போலியன் யுத்தங்கள் நடந்த காலத்தில், வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைத் தயாரித்துவந்த பெர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர், 1811-ஆம் ஆண்டில், பாசியை எரித்த சாம்பலைக் கரைத்து உப்புகளைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நீரில் கந்தகாமிலத்தைச் சற்று அதிகமாகச் சேர்த்துவிட, ஊதா நிற ஆவி திரண்டெழுந்து, குளிர்ந்த இடங்களில் கருமையாகப் பளபளக்கும் படிகங்களாகப் படிந்தது. அதுவே அயோடின்.

கடல்நீரில் மிகச் சூக்ஷ்மமாகக் கலந்திருக்கும் இந்தத் தாதுவைச் சில பழுப்புப் பாசிகள் பல்லாயிரம் மடங்காகத் தம்முள் சேர்த்துவைக்கின்றன. இந்தப் பாசிகளைக் காட்டிலும் அதிசயமான ரசாயன சாலை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முன்சொன்ன மலைநாட்டு வியாதியாகிய, கழுத்தில் வீங்கும் கழலைக்குக் கடற்பஞ்சின் சாம்பலைக் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அந்தச் சாம்பலின் சக்தி அயோடினாகவே இருக்கவேண்டுமென்று ஊகித்த ஜெனீவா நகரத்து வைத்தியர் குவாந்தே, 1820-இல் அதையே நோயாளிகளுக்குக் கொடுத்து வீக்கம் வடியக் கண்டார். தைராய்டு சுரப்பி தன் சுரப்பை உண்டாக்க அயோடின் இன்றியமையாதது என்ற காரணம் பிற்பாடே விளங்கிற்று. கண்டுபிடித்த கூர்த்துவாவோ, அதனால் செல்வம் ஒன்றும் சேராமல், 1838-இல் வறுமையிலேயே காலமானார்.