மாமா எழுதிய சீட்டு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய நினைவுரை)



சென்ற ஆண்டு இதே விழாவில், பந்தலின் பின்புறம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் இன்று நம்மிடையே இல்லை. மேடைக்கு வாருங்கள் என்று எத்தனை முறை அழைத்தாலும், "சாம்பார் ஆறிப்போகும்" என்று சொல்லி நழுவிவிடுவது அவர் வழக்கம். எமக்கு அவர் தாய்மாமன். அலுவலகத்தில் மூத்த எழுத்தர். இச்சங்கத்தில் சிறியோர் பெரியோர் எல்லோர்க்கும் 'மாமா'. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எமக்கு மேடைப் பேச்சு கைவராது. ஆயினும் ஒரு கடனைச் சொல்லித் தீர வேண்டியிருப்பதால் உங்கள் முன் வந்து நிற்கின்றோம்.

எம் பாட்டனார் குடியாத்தத்தை அடுத்த சிற்றூரிலிருந்து இக்கரக்பூர்ப் பட்டறைக்குப் பிழைப்புத் தேடி வந்தவர். தமிழரும் தெலுங்கரும் ஒடியரும் வங்காளியரோடு கலந்து வாழும் ஊர் இது. மாமா இங்கே பிறந்தார். வங்க எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒரே கையால் எழுதக் கற்றார். 1955-இல் உருவான நம் தென்கிழக்கு ரயில்வேயில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றார்.

நம் நிலையத்து நடைமேடையின் நீளம் 1,072 மீட்டர் என்பதை அறிவீர்கள். உலகிலேயே நீளமானது என்ற பெயரை 2013-இல் கோரக்பூர் பெற்றது. 2023-இல் அது ஹூப்ளிக்குப் போயிற்று. நாமெல்லாம் வருந்தினோம். மாமாவோ, "பெருமை போனால் போகட்டும், மூட்டை தூக்கி நடக்கிறவனுக்கு ஓர் அடியும் குறையவில்லையே" என்றார். ஓய்வு பெற்ற பின்னும் மாலை வேளைகளில் அந்நடைமேடையில் பிறர் மூட்டையைச் சுமந்து நடந்தவர் அவர்.

யார் மூட்டை? வேலூருக்குச் செல்லும் நோயாளிகளின் மூட்டை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம், பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. வங்காளத்தில் பெருநோய் கண்ட குடும்பங்கள் பல, கடைசி நம்பிக்கையாக அவ்வூரின் பெயரையே சொல்லும். ஆனால் வேலூருக்குக் காட்பாடியில் இறங்க வேண்டும் என்பதையும் அறியாமல் புறப்படுவோர் உண்டு. அவர்களுக்கு மாமா ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். தமிழ்ச் சொற்களை வங்க எழுத்தில் எழுதி, எதிரே பொருளும் எழுதியிருப்பார். 'தண்ணீர்', 'வலிக்கிறது', 'மருந்து எப்போது', 'சாதம் குழைவாக வேண்டும்' என்று இருபது சொற்களுக்கு மேல் இரா.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. வங்காளத்தில் 'வ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. மாமா முதலில் எழுதிக் கொடுத்த 'வலி' என்ற சொல்லை ஒருவர் 'பலி' என்று உரக்கப் படித்தாராம். மாமா பதறிப்போனார். அன்று இரவே பழைய சீட்டுகளையெல்லாம் கிழித்துவிட்டு, 'ஓ'வையும் 'யா'வையும் கூட்டி 'வ' ஒலி பிறக்குமாறு புதிதாக எழுதினார். "நோயாளி வாயில் அந்தச் சொல் வரலாமா?" என்று அத்தையிடம் வருந்தினாராம்.

இனி எம் கடனைச் சொல்கின்றோம். ஒரு காலத்தில் மாமாவும் யாமும் இக்கோட்டத்தின் வேறொரு நிலையத்தில், ஒரே முன்பதிவு அலுவலகத்தில் அடுத்தடுத்த கவுண்ட்டர்களில் இருந்தோம். புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவர்க்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு. அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும். ஒருநாள் முதியவர் ஒருவர் மனைவிக்காகப் படிவம் நீட்டினார். அதில் மருத்துவரின் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. "செல்லாது" என்று திருப்பித் தள்ளி, அடுத்தவரை அழைத்தோம். முதியவர் ஒன்றும் பேசவில்லை. கம்பியைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றுவிட்டு நகர்ந்தார்.

மாமா தம் கவுண்ட்டரை மூடிவிட்டு வெளியே போனார். முத்திரை வாங்கி வர இரண்டு நாளாகும். மருத்துவர் குறித்த நாளோ நெருங்கிவிட்டது. மாமா விதியை மீறவில்லை. முழுக் கட்டணத்தில் இரண்டு சீட்டு எடுத்து, குறைந்த பணத்தைத் தம் பையிலிருந்து கட்டினார். திரும்பி வரும்போது சான்றில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழ்தி முதியவர் சட்டைப்பையில் வைத்தார்.

மாலையில் தேநீர்க் கடையில் எம்மிடம் சொன்னார்: "மாப்பிள்ளை, விதி உன் பக்கம்தான். 'இல்லை' என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் 'இல்லை' என்று சொல்லும்போது, அடுத்து என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. அதற்குச் சம்பளம் பிடிக்கமாட்டார்கள்." அதற்குமேல் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பிறரிடமும் சொல்லவில்லை.

அம்மூதாட்டி பிழைத்தாரோ, இல்லையோ, அறியோம். அன்றுமுதல் எந்தப் படிவத்தையும் வழி சொல்லாமல் யாம் திருப்பியதில்லை. ஆனால் மாமா கட்டிய பணத்தில் பாதியேனும் தந்து, "தவறு எம்முடையது" என்று சொல்ல எண்ணி எண்ணி நாள் கடத்தினோம். உறவுதானே, நாளை சொல்லலாம் என்றிருந்தோம். சென்ற மார்கழியில் ஓர் இரவு நெஞ்சுவலி கண்டு, விடியுமுன் அவர் கண் மூடினார். சொல்ல வேண்டியதை இன்று உங்கள் முன்னிலையில் சொல்லிவிட்டோம்.

அவர் பெட்டியில் நகையில்லை. நிலப் பத்திரம் இல்லை. எழுதி முடித்த சீட்டுகள் ஒரு கட்டு இருந்தன. அத்தை அவற்றை எம்மிடம் தந்தார். அவையும் இப்போது தீரும் நிலையில் உள்ளன.

பெரியோர்களே! நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைவிட வங்க எழுத்தே அழகாக வருகிறது என்று ஆண்டுதோறும் இம்மேடையில் குறைப்படுகிறோம். அந்த அழகிய வங்க எழுத்தில் தமிழ்ச் சொல்லை எழுதச் செய்வோம். ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளை ஒவ்வொன்றும் ஐந்து சீட்டு எழுதட்டும். 'வலி' என்ற சொல்லை எப்படி எழுதுவதென்று யாமே உடனிருந்து காட்டுவோம். எழுதியவற்றை நிலையத்திற்குக் கொண்டு செல்லும் பொறுப்பும் எம்முடையது. மாமாவுக்குப் படத்திறப்பு வேண்டா என்று அத்தை சொல்லிவிட்டார். இதனை மறுக்கமாட்டார் என நம்புகின்றோம்.