கடலுக்கடியில் கால் துடுப்பு



மும்பையிலும் பெங்களூரிலும் தொழில் பார்க்கும் நம்மவருள் சிலர், விடுமுறை வந்தால் அந்தமானுக்கோ கருநாடகக் கரையிலுள்ள நேத்ராணித் தீவுக்கோ சென்று, முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து ஸ்கூபா முழுக்குப் போட்டு வருகிறார்கள். முதல் முறை எல்லாமே வாடகைப் பொருள். அடுத்த முறை, சொந்தமாக ஒரு ஜோடிக் கால் துடுப்பாவது வாங்கவேண்டும் என்ற ஆசை பிறந்துவிடுகிறது. ஃபின் என்று கடைக்காரர் சொல்லும் இத்துடுப்புக்கு, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கொர்லியு 1933-இல் காப்புரிமை பெற்றார்.

நாங்கள் ஒரு மதிப்புரையைப் படித்துவிட்டுக் கனத்த ரப்பர்த் துடுப்பு வாங்கினோம். 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக்கில் அவற்றை மாட்டிக்கொண்டு இறங்கினோம். கால்கள் கீழ்நோக்கித் தொங்கின; உதைக்குந்தோறும் மணல் கிளம்பி எதிரே இருந்த மீனையும் மறைத்தது. அரை மணி கழிவதற்குள், நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும்போது கெண்டைக்கால் சுண்டி இழுத்துக்கொண்டது. வழிகாட்டி கைபிடித்து மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

கரையேறியபின் மதிப்புரையை மீண்டும் படித்தோம். அதில் ஒரு பொய்யும் இல்லை. எழுதியவர் குளிர்ந்த கடலில், உடலில் நீர் படாத உலர் உடை அணிந்து முழுகுபவர். அவ்வுடைக்குள் இருக்கும் காற்று காலை மேலே தூக்கும். அதை அடக்கக் கனத்த துடுப்பு வேண்டும். 28 டிகிரி வெப்பமுள்ள நீரில் மெல்லிய உடையோடு இறங்கும் நமக்கு அது எதற்கு?

ஆகவே மதிப்புரை எழுதியவர் எந்தக் கடலில், எந்த உடையில், எத்தனை முழுக்குக்குப் பின் எழுதினார் என்று பாருங்கள். பணம் கொடுத்து வாங்கினாரா, உற்பத்தியாளர் இலவசமாக அனுப்பினாரா என்பதும் தெரியவேண்டும். குறையே கூறாத மதிப்புரையை விளம்பரம் என்றே கொள்ளலாம். அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய 'அண்டர்கரண்ட்' என்னும் முழுக்காளர் மடல் விளம்பரமே ஏற்பதில்லை. சந்தாதாரர் பணத்தில் நடப்பதால் தயக்கமின்றிக் குறை கூற அதற்கு இடமுண்டு.

இனி, தேர்வு. படகிலிருந்தே கடலில் குதிப்பவருக்கு, வெறுங்காலில் அணியும் முழுப்பாதத் துடுப்பு போதும். எடை குறைவு, விமானப் பயணத்துக்கும் ஏற்றது. பாறையிலும் உடைந்த பவளத்திலும் நடந்து இறங்குபவருக்கு ரப்பர்க் காலணியும், அதன்மேல் மாட்டும் குதிகால் திறந்த துடுப்பும் வேண்டும். அளவு பார்க்கும்போது அந்தக் காலணியை அணிந்தே பாருங்கள். விரல் நுனி நெருக்குண்ணக் கூடாது. குதிகால் நழுவவும் கூடாது. நடுவே பிளந்த துடுப்பு முழங்காலுக்கு இதமானது; ஆனால் தவளையைப்போல் உதைத்துப் பழகியவருக்குப் பிடிக்காது.

பயிற்சியாளரிடம் யோசனை கேட்பதும் நல்லதே. ஆனால் அவரும் விற்பவராக இருக்கலாம். எனவே அலமாரியில் இருப்பதைவிட, அவர் தம் காலில் மாட்டியிருப்பதைப் பாருங்கள். அதே வகையை வாடகைக்கு எடுத்து இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு, பிறகு பணப்பையைத் திறக்கலாம். குதிகால் திறந்த துடுப்பானால் மாற்றுப் பட்டை ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். படகு புறப்படும் வேளையில் பட்டை அறுந்தால், தேடி அலைய நேரமிராது.