யார் மாற்றுவது வடிகட்டியை?

(தலைமையாசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வணிகத்தில் ஈட்டிய பணம் பள்ளிக்கு வருவது சென்னைக்குப் புதிதல்ல. கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த பச்சையப்பர் 1794-இல் மறைந்தார். தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு எழுதி வைத்திருந்தார். வழக்குகள் முடிந்து, மிகுந்த தொகையிலிருந்து பள்ளி தொடங்கப்பட்டது 1842-இல்தான்.

அன்று தனிமனிதர் விருப்பம்; இன்று சட்டம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 முதல் அந்தத் தொகையைக் குறிப்பிட்ட நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாற்றியாக வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், பிப்ரவரியில் நமக்குத் தொலைபேசி வரும்: "ஸ்மார்ட் போர்டு தருகிறோம், எங்கே மாட்டலாம்?" நமக்கு வேண்டியது கழிப்பறைக்குத் தண்ணீர். ஆனாலும் சரி என்கிறோம். மறுத்தால் அடுத்த ஆண்டு வரமாட்டார்களோ என்ற தயக்கம்தான்!

அடையாறு பக்கம் ஒரு பள்ளியில் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் பார்த்தேன். கொடுத்தவர் பெயர்ப்பலகை பளபளத்தது. குழாயில் சொட்டு நீர் இல்லை. வடிகட்டி மாற்ற ஆள் இல்லாமல் இரண்டாம் ஆண்டே நின்றுவிட்டதாம். பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்கள்.

கொடுத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த நிதியில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. பொருள் நம் கைக்கு வந்துவிடுகிறது. பராமரிப்பும் கூடவே வருகிறது. ஆனால் தொடர் திட்டமாக ஒப்புக்கொண்டால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்றாண்டுகள் வரை செலவிட விதியில் வழி உண்டு. இதை நாம் கேட்பதே இல்லை.

இன்னொன்று. சட்டம் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அதனால் அலுவலகங்கள் நிறைந்த தியாகராய நகர், மயிலாப்பூர்ப் பள்ளிகளைத் தேடி வருபவர்கள் அதிகம். வண்ணம் பூசிய சுவருக்கே மறுபடி வண்ணம் பூச வருகிறவர்களிடம், "ஐயா, பக்கத்துப் பள்ளியையும் பாருங்கள்" என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் பள்ளியின் தேவையை நாமே முன்வைக்கலாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேவைப் பட்டியல் எழுதும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு வரி சேருங்கள்: ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அதை யார் தருவது. வருகிறவரிடம் பேச்சை அந்த இரண்டு வரியிலிருந்தே தொடங்குங்கள்.