பாங்கு மகாநாட்டிற்குச் செல்லும் பிரதிநிதி

அங்கத்தினர்களே! ஜில்லா பாங்கு மகாநாட்டிற்குச் சங்கத்தின் சார்பாகச் செல்பவர் சங்கத்தின் செலவில் செல்கிறார். ஆதலால் அவர் மாலை மரியாதையை நாடிச் செல்பவரல்லர்; கேட்டறிந்து வரக் கடமைப்பட்டவர்.

கேட்டறிதலினாலேயே கூட்டுறவு இந்நாட்டில் வேரூன்றிற்று. 1892-ல் சென்னை அரசாங்கத்தார் பிரெடரிக் நிக்கல்ஸனை நியமித்து, விவசாயிகளுக்கேற்ற பாங்கு முறையை ஆராயச் செய்தனர். அவருடைய அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரெய்பைஸன் கண்ட கிராமச் சங்க முறையை அவர் பெரிதும் ஆதரித்தார். 1904-ல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் சங்கமும் அமைந்தது.

இக்காலப் பிரதிநிதி அறிந்துவர வேண்டியது யாது? மத்தியக் கூட்டுறவு பாங்கில் ஒருவர் வைக்கும் டிபாசிட்டுக்கு, 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. கிராமத்து ஆரம்ப விவசாயக் கடன் சங்கத்தில் வைக்கும் டிபாசிட்டுக்கு அப்பாதுகாப்பு இல்லை. கன்றை விற்றுப் பணத்தைச் சங்கத்தில் வைக்கும் விதவைக்கு, அங்கத்தினரின் நாணயமே காவல்.

ஆகவே பிரதிநிதி மூன்றை விசாரித்து வருக: ஒதுக்கு நிதியை எங்கு வைப்பது பத்திரம்? தவணை தவறிய கடனைப் பிற சங்கங்கள் எவ்வாறு வசூலிக்கின்றன? தணிக்கையில் கண்ட குறைகளை எவ்வாறு நீக்குகின்றன?

திரும்பியபின், கேட்டவற்றைப் பொதுக்கூட்டத்தில் எழுத்தறியாதவர்க்கும் விளங்க எடுத்துரைப்பாராக. அவ்வாறு உரையாதவருக்கு அளித்த பிரயாணப்படி, வசூலாகாக் கடனுக்கு ஒப்பாகும்.