வக்கீலுக்கும் சட்டம் உண்டு



உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு முதியவர். ஏழை. எழுதப் படிக்கத் தெரியாதவர். அரசு எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இழப்பீடு கேட்க ஒரு வக்கீலை வைத்தார். அரசு 8,118 ரூபாயைக் கோர்ட்டில் கட்டியது. 1987 செப்டம்பரில் வக்கீல் அந்தப் பணத்தை வாங்கினார். முதியவரிடம் கொடுக்கவில்லை. பணம் வந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

வெகுநாள் கழித்து முதியவருக்கு விஷயம் தெரிந்தது. போய்க் கேட்டார். பணம் வரவில்லை. பார் கவுன்சிலில் புகார் கொடுத்தார்.

பார் கவுன்சில் என்றால் என்ன? வக்கீல்களைப் பதிவு செய்யும் சபை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் வக்கீல் தொழில் செய்யலாம்.

புகார் போனதும் வக்கீல் என்ன செய்தார்? "நாங்கள் சமாதானமாகி விட்டோம்" என்று முதியவர் பெயரிலேயே ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தார். "அது நான் கொடுத்ததே இல்லை" என்றார் முதியவர்.

இந்திய பார் கவுன்சில் விசாரித்தது. மூன்று ஆண்டுகள் தொழில் செய்யக் கூடாது என்றது. வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தண்டனையைக் குறைக்கக் கேட்டுப் போனவருக்கு அது கூடிவிட்டது! 2002-இல் சுப்ரீம் கோர்ட் அவர் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கியது. கட்சிக்காரர் பணத்தைக் கையாடுவது மிகப் பெரிய தவறுகளில் ஒன்று என்றும் சொன்னது. எட்டாயிரம்தானே என்று விடவில்லை.

"வக்கீல் என்றாலே பொய்தானே" என்று ஊரில் பேசுவார்கள். விதிகள் அப்படிச் சொல்லவில்லை. கட்சிக்காரருக்காக அவர் பயமில்லாமல் வாதாட வேண்டும். ஆனால் கோர்ட்டை ஏமாற்றக் கூடாது. அரசு வக்கீல்கூட, குற்றம் செய்யாதவரை உள்ளே தள்ளுவதற்காக வழக்கு நடத்தக் கூடாது. சாட்சியை மறைக்கக் கூடாது.

பண விஷயத்தில் விதி இன்னும் கண்டிப்பானது. வாங்கிய பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். கட்சிக்காரர் கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். "ஜெயித்தால் வருகிற பணத்தில் இத்தனை பங்கு எனக்கு" என்று பேசக் கூடாது. பல ஊர்களில் இப்படிப் பேசுகிறார்கள். பேசினாலும் அது தப்புதான்.

வழக்கு தோற்றுப்போனது என்பதற்காக மட்டும் வக்கீல் மேல் புகார் சொல்ல முடியாது. நேர்மையாக நடத்திய வழக்கும் தோற்கலாம். ஏமாற்றினால் சொல்லலாம். புகாரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மாநில பார் கவுன்சிலில் கொடுக்க வேண்டும். அங்கே ஓர் ஆண்டுக்குள் முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். லக்கிம்பூர் முதியவரின் புகாரும் அப்படித்தான் போனது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் முதலியவர்களுக்கு அரசே இலவசமாக வக்கீல் தருகிறது. 1987-இல் இதற்கும் ஒரு சட்டம் வந்தது. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம்.