கட்சர் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

காஷ்மீரில் சோனாமார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடிகிறது ஒரு மலைப்பாதை. சுமார் 70 கிலோமீட்டர், வழக்கமாக ஏழு நாள் நடை. விஷன்சர், கிஷன்சர், கட்சர், கங்காபல் என வழிநெடுக ஏரிகள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் நடக்க முடியும்; மற்ற மாதங்களில் பனி மூடிவிடும். வண்டியில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும் வசதியெல்லாம் அங்கே கிடையாது. வழியிலுள்ள ராணுவச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.

தொடக்கத்தில் பூர்ஜ மரக்காடு. வெள்ளைப் பட்டை தாள் தாளாக உரிந்து தொங்கும். பழைய காஷ்மீரத்துப் புலவர்கள் எழுதியது இந்தப் பட்டையில்தான்; அங்கே பனையேது, ஓலையேது! அதைத் தாண்டினால் மரமே இல்லை, புல்வெளிதான். கோடையில் ஜம்மு பக்கத்திலிருந்து பகர்வால் இடையர்கள் ஆடு, குதிரை, குழந்தை குட்டிகளோடு ஏறி வருகிறார்கள். மலையேறிகள் கூடாரத்தோடு வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கு தடம் போட்டவர்கள் இவர்கள்.

விஷன்சர் ஏரியில் டிரவுட் மீன் துள்ளுகிறது. ஆனால் டிரவுட் காஷ்மீரத்து மீனே அல்ல. பிரிட்டிஷ்காரர்களின் தூண்டில் ஆசைக்காகக் கப்பலேறி வந்த மீன் அது. முதலில் அனுப்பிய முட்டைகள் வழியிலேயே வீணாகிவிட, 1900-இல் வந்தவைதான் பிழைத்தன.

கிஷன்சருக்கு மேலே நிற்கிறது கட்சர் கணவாய், ஏறக்குறைய 4,200 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். பத்தடி வைத்தால் மூச்சு வாங்கும். அவசரப்படுகிறவருக்குத் தலைவலி, குமட்டல். சரளைக்கல் சரிவில் மட்டக்குதிரைகள் கூட நின்று நின்றுதான் ஏறும். அப்படி ஏறி உச்சியில் நின்று திரும்பினால், வந்த வழியில் கிஷன்சரும் விஷன்சரும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். மேலேயுள்ள கிஷன்சரின் நீர் விஷன்சரில் விழுந்து, அங்கிருந்து கிஷன்கங்கா ஆறாகப் புறப்படுகிறது. வடக்கே போய், எல்லைக் கோட்டைக் கடந்து, நீலம் என்ற பெயரோடு முசாஃபராபாத்தில் ஜீலத்தில் கலக்கிறது.

கங்காபல் ஏரியின் நீரோ தெற்கே இறங்கி, சிந்த் ஓடை வழியாக ஸ்ரீநகருக்கு அப்பால் அதே ஜீலத்தில்தான் சேருகிறது. அருகருகே பிறந்த இரண்டு நீரும் சந்திக்க அவ்வளவு பெரிய சுற்று!

கங்காபலுக்கு மேலே 5,142 மீட்டர் உயர ஹர்முக் சிகரம். 1856-இல் இந்த மலையில் ஏறிய தாமஸ் மாண்ட்கோமரி என்ற நில அளவையாளர், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த இரண்டு சிகரங்களைக் குறித்து, கே1, கே2 என்று அடையாளமிட்டார். கே2-வுக்கு அந்தக் குறியீடே பெயராக நிலைத்துவிட்டது.

கடைசி நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்து இறக்கம். ஏற்றத்தில் தாக்குப்பிடித்த முழங்கால் இங்கேதான் மக்கர் செய்யும். ஊன்றுகோல் இருந்தால் நல்லது. கீழே நாராநாக்கில் பழங்காலக் கற்கோயில்களின் இடிபாடுகள் இருக்கின்றன. ஸ்ரீநகருக்கு அங்கிருந்து வண்டி கிடைக்கும்.