பைலட் ஆக எந்த டிகிரி படிக்கணும்?

(பிளஸ் டூ மாணவர்களுக்கான வழிகாட்டி நிகழ்ச்சியில் நான் பேசியதன் எழுத்து வடிவம். வீட்டுல பிளஸ் டூ பசங்க இருந்தா அவசியம் காட்டுங்க.)

இந்த வெயில்லயும் பிள்ளைகளோட வந்து உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாக்களுக்கு முதல் நன்றி.

பைலட் ஆக எந்த டிகிரி படிக்கணும்னு கேட்டிருந்தீங்க. பதிலை முதல்லயே சொல்லிடறேன். எதுவும் தேவையில்லை.

இந்தியாவில் விமானி உரிமம் தருவது டிஜிசிஏ. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு அவங்க கேட்கிறது: 18 வயசு, இயற்பியலும் கணிதமும் இருக்கிற பிளஸ் டூ, கிளாஸ் 1 மருத்துவத் தகுதி, நேவிகேஷன், வானிலை, விமான விதிகள் மாதிரி தாள்கள்ல 70 சதவீதம், ரேடியோ தேர்வு, 200 மணி நேரம் பறந்த கணக்கு. அதுல 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியா ஓட்டியிருக்கணும். இந்தப் பட்டியல்ல டிகிரிங்கிற வார்த்தையே கிடையாது. காமர்ஸ் குரூப் எடுத்தவங்க பயப்பட வேண்டாம், தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், கணிதம் மட்டும் தனியா எழுதித் தேறலாம்.

இது தெரியாம நான் ஏமாந்தேன். பைலட் ஆகணும்னு கவுன்சிலிங்ல ஏரோநாட்டிக்கல் எடுத்தேன். காலேஜ் விளம்பரப் புத்தகத்துல பெருசா காக்பிட் படம் வேற. நாலு வருஷம் படிச்சது ஏரோடைனமிக்ஸ், புரொபல்ஷன், ஸ்ட்ரக்சர்ஸ். விமானத்தை எப்படி உருவாக்குறதுன்னு சொல்லித் தர்ற படிப்பு அது, ஓட்டச் சொல்லித் தராது. ஹேங்கர்ல பறக்காத பழைய விமானம் ஒண்ணு நின்னுச்சு. அதுல உட்கார்ந்து செல்ஃபி எடுத்ததுதான் என் மொத்தப் பறக்கும் அனுபவம்.

கடைசி வருஷம்தான் மெடிக்கல் போனேன். புள்ளி புள்ளியா இருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?"ன்னு டாக்டர் கேட்டார். எனக்கு நம்பரே தெரியல. நிறக் குறைபாடு. அடுத்த கட்டப் பரிசோதனையிலும் தேறல. 17 வயசுல அரை நாள்ல தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம், 21 வயசுல தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து சொன்னப்ப அப்பா திட்டவே இல்ல. திட்டியிருந்தா கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

அதனால அப்பாக்களே, காலேஜ் அப்ளிகேஷன் வாங்குறதுக்கு முன்னாடி மெடிக்கல். முதல்ல டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட கிளாஸ் 2. அது தேறினா கிளாஸ் 1. பெங்களூருல விமானப்படையின் மருத்துவ மையத்துலயே எடுக்கலாம். கண்ணாடி போட்டா பைலட் ஆக முடியாதுன்னு ஊருக்குள்ள சொல்றதை நம்பாதீங்க. வரம்பு இருக்கு, ஆனா கண்ணாடியே தடை இல்ல.

அப்புறம் பணம். ஃப்ளையிங் ஸ்கூல் செலவு அரைக் கோடியை சுலபமா தொடும். குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் தனி. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பேங்க் பொதுவா சொத்து அடமானம் கேட்கும். அதாவது வீட்டுப் பத்திரம். லைசென்ஸ் வந்த அன்னைக்கே வேலை வரும்னு நினைச்சு அந்தப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்காதீங்க. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னுச்சு. 2020ல கொரோனா. 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் நின்னுச்சு. பல வருஷ அனுபவம் இருந்த பைலட்டுகளே வேலை தேடி அலைஞ்சாங்க. புதுசா லைசென்ஸ் வாங்கின பையன் எங்க போவான்?

டிகிரிக்கு வேலை அங்கதான். பறக்க முடியாத நாள்ல சோறு போடுறதுக்கு. அதனால பி.எஸ்சி. ஏவியேஷன், பி.பி.ஏ. ஏவியேஷன்னு பேரைப் பார்த்து மயங்காதீங்க. "இந்தப் படிப்புக்குள்ள பறக்கும் பயிற்சி இருக்கா, எத்தனை மணி நேரம், எந்த டிஜிசிஏ அங்கீகாரப் பள்ளியில்?"னு எழுத்துல கேளுங்க. பதில் சுத்தி வளைச்சு வந்தா எழுந்து வந்துடுங்க.

மெடிக்கல் தேறி, பணமும் கையில இருக்கா? பிளஸ் டூ முடிச்சதும் நேரா ஃப்ளையிங் ஸ்கூல் போங்க. கூடவே அஞ்சல் வழியில பி.காம்., பி.சி.ஏ. ஏதாவது. உத்தரப்பிரதேசத்துல மத்திய அரசோட இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி அகாடமி இருக்கு, நுழைவுத் தேர்வு எழுதிப் பாருங்க. பணம் இப்ப இல்லையா? விமானத்துக்கு சம்பந்தமே இல்லாட்டியும் உங்களுக்குப் பிடிச்ச, வேலை கிடைக்கிற டிகிரியை எடுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸோ கணிதமோ, எதுவா இருந்தாலும் சரி. நாலஞ்சு வருஷம் சம்பாதிச்சுட்டு 26 வயசுல ஃப்ளையிங் ஸ்கூல் சேர்றவங்களும் இருக்காங்க.

என் கதையை முழுசா சொல்லணும்ல. ஏரோநாட்டிக்கல் முடிச்சுட்டு நான் இப்ப பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய். விமானச் சத்தம் கேட்டா இன்னமும் தலை தானா நிமிருது.

சரி, கேள்வி இருக்கிறவங்க கையைத் தூக்குங்க. மைக்கை முதல்ல பின் வரிசையில இருக்கிற அந்தத் தங்கச்சிகிட்ட கொடுங்க, ரொம்ப நேரமா நோட்டுல எழுதிக்கிட்டே இருக்காங்க.